பியூலா டெஸ்ட்டில் இல்லாத கார்டு

பாளையங்கோட்டையில அந்தப் பிள்ளைங்க சென்டருக்கா? அப்பம் நீ ஜங்ஷன்ல எறங்கி டவுன் பஸ் மாறணும்மா. நானும் ஜங்ஷன்லதான் எறங்குதேன், ஏத்தி விடுதேன், கவலப்படாத. கண்டக்டர்ட்ட கேட்டா அவன் எங்கயாவது எறக்கி விட்டுட்டுப் போயிருவான். பைய மேல வை. பிள்ளைய மடியில நல்லா சாச்சுக்கோ, தூங்கட்டும் பாவம். ஆலங்குளம் தாண்டிட்டா ரோடு நல்லாருக்கும், இந்த ஆட்டம் இருக்காது.

என்ன, புத்தி டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காங்களா? எங்கிட்ட தாராளமாச் சொல்லலாம். "பிள்ள மந்தமா இருக்கு, டெஸ்ட் எடுத்துட்டு வாங்க, இல்லேன்னா வேற ஸ்கூல் பாருங்க"ன்னு டீச்சர் சொல்லியிருப்பா. நீ ராத்திரி பூரா தூங்காமக் கெடந்திருப்ப. உன் மொகத்தப் பாத்தாலே தெரியுது. இந்த மாதிரி எத்தன தாய்மாரு பிள்ளையத் தூக்கிட்டு வந்து என் முன்னால ஒக்காந்திருக்காங்க. நான் சைக்காலஜி புரொபசர்லா. ரிட்டயர் ஆயாச்சு. உலகம்மாள் மேடம்னா அந்தக் காலத்துல திருநெல்வேலியில தெரியாத ஆளு கெடையாது.

பிள்ளைக்குப் பேரு என்ன? இசைமதியா, நல்ல பேரு. நெத்தியில சாந்துப் பொட்டு, கன்னத்துல திருஷ்டிப் பொட்டு, லட்சணமா வச்சு விட்டிருக்க. நீயும் அழகா ஒண்ணு வச்சிருக்க. இந்தக் காலத்துல கண்ணுக்கே தெரியாம கடுகளவுக்கு ஒட்டிக்கிட்டுத் திரியுதாங்க. எனக்குத்தான் இப்பம் அதெல்லாம் இல்ல. எங்க வீட்டுக்காரங்க போயி ரெண்டு புரட்டாசி ஆச்சு. எம் மக சொல்லுதா, "இப்பல்லாம் யாரும் பாக்கதில்லம்மா, சின்னதா ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கோ"ன்னு. நான் முடியாதுன்னுட்டேன். வச்சா முழுசா வைக்கணும், இல்லேன்னா வைக்கக் கூடாது. முந்தி நீ என் நெத்தியப் பாத்திருக்கணும். குங்குமம், பழைய ஒத்த ரூவா அகலத்துக்கு. வராந்தாவுல நான் வரும்போது மொதல்ல என் பொட்டு வரும், பொறவு நான் வருவேன்னு பிள்ளைங்க கேலி பண்ணும். சரி, அது போகட்டும்.

என்ன டெஸ்ட்டுன்னு பேரு சொன்னாங்களா? பியூலா டெஸ்ட்டா?

ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. தண்ணி பொரை ஏறிட்டு.

பியூலா டெஸ்ட். பாத்தியா, அந்த டெஸ்ட்டுக்குன்னு ஒரு பேரு உண்டு. "தமிழ்க் குழந்தைகளுக்கான அறிவுத்திறன் தேர்வு"ன்னு அட்டையில கொட்ட கொட்டையாப் போட்டிருக்கும். ஒருத்தராவது அப்படிச் சொல்லணுமே. டாக்டருங்க, டீச்சருங்க, இப்பம் பாவூர்சத்திரத்துலேருந்து வார நீ, எல்லாருக்கும் அது பியூலா டெஸ்ட்தான். அவளா தனியா ஒக்காந்து பண்ணினா? நானும்தான் பண்ணினேன். என் பேரும் அந்தப் புத்தகத்துல உண்டு. எங்க தெரியுமா? உள்ள, "நன்றி"ன்னு ஒரு பக்கம் இருக்கும்லா, அதுல. படம் வரஞ்ச டிராயிங் மாஸ்டருக்கு அடுத்தாப்புல, எங்களுக்கு டீ வாங்கிட்டு வந்த சுடலைமுத்துக்கு மேல. சுடலைமுத்துக்கு மேல போட்டதே பெரிய மரியாதன்னு நெனச்சுக்கிட வேண்டியதுதான்.

பொறாமையில பேசுதேன்னு நெனச்சிராத. எனக்கு என்ன பொறாம? நடந்தது சொல்லுதேன், நீயே நியாயத்தச் சொல்லு.

பியூலாவும் நானும் ஒரே வருஷம் வேலைக்குச் சேந்தோம். ஒரே ரூம், எதிரெதிர் மேஜை. அவ அப்பா சாயர்புரம் பக்கம் சர்ச்சுல உபதேசியாரு. கதர்ச் சேல மாதிரி ஒண்ணு கட்டிக்கிட்டு, கழுத்துல ஒரு நூல் செயின், அவ்வளவுதான் அலங்காரம். ஆனா பாரு, அவ எத்தனக்குச் சாதாரணமா வாராளோ அத்தனக்கு எல்லாரும் அவளச் சுத்தியே நிப்பாங்க. மத்தியானம் அவ மீன் கொழம்பத் தொறந்தா பக்கத்து டிபார்ட்மென்ட்லேருந்து ஆளு வரும். நான் சொதி வச்சுக் கொண்டு போவேன், தேங்காப் பால் மூணு தடவ பிழிஞ்சு, வேல மெனக்கெட்டு. "நல்லாருக்கு மேடம்"னு ஒரு வாய் தொட்டுக்கிட்டு அங்கிட்டுப் போயிருவாங்க. அவ எழுதின கேள்வித்தாள நகல் எடுத்து வேற காலேஜுக்குக் குடுப்பாங்க. நான் எழுதினத எழுத்துப் பிழை பாக்க மட்டும் கேப்பாங்க. வயிறு எரியாம என்ன செய்யும்? எரிஞ்சுது. ஆனா நான் வெளிய காட்டிக்கிடல. அவள நான் தங்கச்சி மாதிரிதான் வச்சிருந்தேன்.

எங்க ஹெட்டு சேதுராமலிங்கம் சார். நல்ல மனுஷன், ஆனா காது கொஞ்சம் ஒரு பக்கமாச் சாயும். அப்ப வழக்கத்துல இருந்த புத்தி டெஸ்ட் சீமையிலேருந்து வந்தது. கார்டுல ஒரு படம் இருக்கும், அந்தப் படத்துல ஏதோ ஒண்ணு இருக்காது. என்ன இல்லேன்னு பிள்ள சொல்லணும், அதான் சோதனை. அந்தச் சீமைக் கார்டுல ஒரு வீடு. சுவத்துக்குள்ள நெருப்பு எரியுது. புகைபோக்கி இல்ல. அதான் பதில். நம்ம தச்சநல்லூர்ப் பிள்ள பாத்துட்டு என்னன்னு சொல்லும்? "சோத்துப் பான இல்ல"ன்னு சொல்லுச்சு. எல்லாப் பிள்ளையும் அதத்தான் சொல்லுச்சு. அடுப்பு எரியுது, பானையக் காணும்னா பின்ன என்னத்தச் சொல்லும்? ஆனா பதில் புத்தகத்துல புகைபோக்கின்னு இருக்கு, அதனால பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தக் கூட்டிக் கூட்டித்தான் பிள்ள மந்தம்னு எழுதி, வேற ஸ்கூலுக்கு அனுப்பிட்டு இருந்தோம்.

சார் ஒரு நாள் அந்தக் கார்ட மேஜையில போட்டு, "இது அநியாயம்மா. நம்ம பிள்ளைக்கு நாமளே ஒண்ணு பண்ணுவோம்"னாரு. "நீங்க ரெண்டு பேரும் தனித்தனியா கார்டு பண்ணுங்க. ஸ்கூல் ஸ்கூலாக் கொண்டு போயிப் பாப்போம். யாரு கார்டு அதிகம் தேறுதோ அவங்க பேரு புத்தகத்துல மொதல்ல வரும்"னாரு. நான் அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், மொதல் பேரு என் பேருதான்னு. எங்க வீட்டுக்காரங்ககிட்டயும் சொல்லிட்டேன். சம்பந்தி வீடு வரைக்கும் சொல்லியாச்சு.

அவ பண்ணின கார்டக் கேளு. செயின் இல்லாத சைக்கிள். வாரு இல்லாத செருப்பு. ஒத்தக் கால் கோழி. கைப்பிடி இல்லாத வாளி. இதெல்லாம் ஒரு கார்டா? "ஏட்டி பியூலா, இதுல என்ன பண்பாடு இருக்கு, என்ன அழகு இருக்கு?"ன்னு கேட்டேன். "எல்லா வீட்டுலயும் வாளி இருக்கும்லா உலகா"ன்னா. அவ்வளவுதான் அவ யோசன.

நான் அப்படியில்ல. ராவும் பகலும் அதே நெனப்பு. தந்தி இல்லாத வீணை. திரி இல்லாத குத்துவிளக்கு. ஒரு புள்ளி விட்டுப்போன கோலம். எல்லாத்துக்கும் மேல, ஒரு பொம்பள மொகம். வகிடெடுத்துத் தல சீவி, காதுல தோடு, கண்ணு மூக்கு வாயி எல்லாம் அம்சமா. நெத்தியில மட்டும் பொட்டு இல்ல. டிராயிங் மாஸ்டரப் பக்கத்துலயே ஒக்கார வச்சு வரஞ்சது. தமிழ்நாட்டுல பொறந்த பிள்ள, அது பணக்காரப் பிள்ளையோ ஏழையோ, பொட்டு தெரியாத பிள்ள உண்டா? இதவிட நியாயமான கேள்வி எவனாலயும் கேக்க முடியாதுன்னு நெனச்சேன். இப்பவும் அப்படித்தான் நெனைக்கேன்.

பியூலாகிட்டதான் மொதல்ல காட்டினேன். எதிர்த்தாப்புல ஒக்காந்து ரொம்ப நேரம் கார்டப் பாத்தா. பொறவு, "எங்க அம்ம மாதிரி இருக்கா"ன்னா. அவ பாராட்டுதான்னு எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவளக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன்.

ஸ்கூலுக்குக் கொண்டு போனோம். ஒரு ஸ்கூல்ல ரெண்டு பேரு கார்டையும் பாதிப் பிள்ளைங்களுக்கு நான் காட்டுவேன், பாதிப் பிள்ளைங்களுக்கு அவ. மேலப்பாளையத்துல ஒரு ஸ்கூலு, பூராவும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைங்க. என் பொம்பளக் கார்டப் பாத்துட்டு பிள்ளைங்க, "முக்காடு இல்ல"ன்னு சொல்லுது. நான் பூஜ்யம் போட்டேன். பதில் பொட்டுதான. பியூலா சாரிட்ட போயி, "அந்தப் பிள்ளைங்க சொன்னதும் சரிதான சார், நம்ம தச்சநல்லூர்ப் பான மாதிரிதான"ங்கா. பேட்டையில ஒரு பொடிப்பய, கார்ட வாங்கிப் பாத்துட்டு மெதுவா, "இந்த அம்மா வீட்டுக்காரரு செத்துப்போயிட்டாரு"ன்னு சொன்னான். அவனுக்கு முழு மார்க்கு குடுக்கணும்னு அவ ஒத்தக் கால்ல நின்னா. நான் பூஜ்யம்தான் போட்டேன். கேட்டது என்ன இல்லேன்னு. யாரு செத்தான்னா கேட்டேன்? அளவுகோல்னா அளவுகோலா இருக்கணும். ஆளுக்கு ஆளு வளச்சா அது அளவுகோலா?

அதுக்குப் பொறவுதான் எனக்கு நல்ல காலம் வந்துச்சு. எல்லா ஸ்கூல் மார்க்கையும் சேத்துப் பாத்தாரு சார். அந்தப் பொம்பளக் கார்டுல, நான் கேட்ட பிள்ளைங்க பெரும்பாலும் பொட்டுன்னு சரியாச் சொல்லியிருக்கு. அதே ஸ்கூலு, அதே கிளாசு, அவ கேட்ட பிள்ளைங்க "ஒண்ணும் இல்லாம இல்லையே, எல்லாம் இருக்கே"ன்னு சொல்லியிருக்கு. சாருக்கு ஒண்ணும் புரியல. நான் சொன்னேன், "சார், டெஸ்ட் எடுக்கதுங்கது ஒரு கலை. பிள்ளையோட ஒட்டணும். என் மொகத்தப் பாத்தா பிள்ளைக்குத் தைரியம் வருது, பதில் சொல்லுது. பியூலாவுக்கு அது வரல"ன்னு. சொல்லிட்டு அவளத் திரும்பிப் பாத்தேன். தலையக் குனிஞ்சுக்கிட்டு இருந்தா. மறுநாள் நான் திரட்டுப்பால் கிண்டிக் கொண்டு போனேன் டிபார்ட்மென்ட்டுக்கு. எதுக்குன்னு கேட்டவங்ககிட்ட, மாமியார் நட்சத்திரம்னு சொன்னேன். அவளும் ரெண்டு கரண்டி வாங்கிச் சாப்பிட்டா. "ரொம்ப நல்லாருக்கு உலகா"ன்னா. ஒரு மனுஷிக்குக் கோவம் வர வேண்டாமா? எனக்கு அந்தத் திரட்டுப்பாலே கசந்துபோச்சு.

இப்பம் சொல்லப் போறதக் கவனமாக் கேளு. இதுலதான் இருக்கு விஷயம்.

அடுத்த வாரம் டவுன்ல ஒரு ஸ்கூலு. நான் முந்தியே போயி வாசல்ல நிக்கேன். பியூலா வாரா. யாரோன்னு நெனச்சேன். நெத்தியில பொட்டு. அரக்குச் செவப்புல பெரிய ஸ்டிக்கர் பொட்டு, என் பொட்டு அகலத்துக்கே பாத்து வாங்கியிருக்கா ரதவீதிக் கடையில. உபதேசியார் மக. பொறந்ததுலேருந்து நெத்தியில ஒரு புள்ளி வச்சவ கெடையாது. அவ அப்பாவுக்குத் தெரிஞ்சா அன்னைக்குச் சோறு எறங்கியிருக்காது. "என்னட்டி இது?"ன்னு கேட்டேன். "ஒரு சந்தேகம் உலகா, அதத் தீத்துக்கிடணும்"னா.

அழகா இருந்தா. அத நான் மறைக்கல. அத்தன வருஷம் வச்ச எனக்கு இல்லாத களை, ஒரு நாள் ஒட்டிக்கிட்டு வந்தவளுக்கு இருந்துச்சு. அதுவும் எனக்குப் பொறுக்கல.

அன்னைக்கு அவ கேட்ட பிள்ளைங்க எல்லாம் கார்டப் பாத்ததும் பொட்டு, பொட்டுன்னு சொல்லிட்டுதுங்க. ஒரு சின்னப் பிள்ளைக்கு அந்த வார்த்த சட்டுன்னு வாயில வரல போலருக்கு. வெரல நீட்டி அவ நெத்தியக் காட்டி, "டீச்சர், ஒங்களுக்கு இருக்கே, அது அந்த அம்மாவுக்கு இல்ல"ன்னு சொல்லுச்சு.

சாயங்காலம் சார் ரூம்ல போயி நிக்கோம். பியூலா அந்த ஸ்டிக்கர உரிச்சு சார் மேஜை ஓரத்துல ஒட்டினா. "பிள்ளைங்க படத்த மட்டும் பாக்கல சார். எதிர்த்தாப்புல இருக்கவ நெத்தியையும் பாக்குது. உலகா இருந்தா, அவளுக்கு இருக்கதப் படத்துல தேடுது. நான் இருந்தா, எனக்கு இல்லாதத அங்கயும் தேட மாட்டேங்குது. இந்தக் கார்டு பிள்ளைய அளக்கல, நம்மள அளக்குது"ன்னா.

எப்படி இருக்கும் எனக்கு? யோசிச்சுப் பாரு. அப்பம் நான் என்ன, பிள்ளைங்களுக்கு நெத்தியில பதில எழுதி ஒட்டிக்கிட்டுப் போனேன்னு சொல்லுதாளா? காப்பியடிக்க விட்டேன்னு சொல்லுதாளா? நான் கத்தினேன். "வேணும்னே எனக்குப் போட்டியா வேஷம் கட்டிட்டு வந்திருக்கா சார், இது விஞ்ஞானமா, நாடகமா?"ன்னு கேட்டேன். சார் அந்த ஸ்டிக்கரையே பாத்துட்டு இருந்தாரு. பொறவு பைய சொன்னாரு: "பியூலா பாதி பண்ணிட்டாங்க. மறுபாதியும் பாத்துட்டா சந்தேகம் தீந்துரும். உலகம்மா, நீங்க ஒரே ஒரு நாள் பொட்டு இல்லாம வந்து கேட்டுப் பாருங்களேன்."

சுமங்கலியப் பாத்துக் கேக்கிற கேள்வியா அது? எங்க வீட்டுக்காரங்க கல்லுக் குண்டாட்டம் இருக்காங்க, நான் நெத்திய அழிச்சுட்டு ஸ்கூலுக்குப் போகணுமாம். எனக்குக் கண்ணு ரெண்டும் பொங்கிட்டு. "என் தாலிக்கு மேல ஒங்களுக்கு ஒரு கார்டு பெருசாப் போச்சா"ன்னு கேட்டுட்டேன். சார் ஆடிப்போயிட்டாரு. அப்பம் அவ குறுக்க வந்து, "வேண்டாம் சார். அவளக் கேக்காதீங்க. அவளுக்கு அது வெறும் பொட்டு இல்ல"ன்னு சொல்லி, என் தோளுல கை வச்சா. நான் தட்டி விட்டேன். எனக்காகப் பேச அவ யாரு? என்னத் தோக்கடிக்கதும் அவதான், என்னத் தேத்ததும் அவதானா?

அதோட அந்தக் கார்டு போச்சு. ஒண்ணு போனா சும்மா போகுமா? எல்லா வீட்டுலயும் வீணை இருக்கான்னு ஒரு கேள்வி, அதுவும் போச்சு. குத்துவிளக்கு போச்சு, கோலம் போச்சு. செருப்பும் வாளியும் ஒத்தக் கால் கோழியும் ஜம்முன்னு ஒக்காந்துக்கிட்டுது. புத்தகம் வந்துச்சு. அட்டையில அவ பேரு. அவ என் பேரையும் சேத்துப் போடணும்னு சொன்னாளாம், சார்தான் சொன்ன சொல்லு மாறக் கூடாதுன்னுட்டாராம். எனக்குப் பொறவு யாரோ சொன்னாங்க. அவளே ஆளு விட்டுச் சொல்லச் சொல்லியிருப்பா.

அதுக்குப் பொறவு நான் அவகூடப் பேசுதத விட்டுட்டேன். எதிரெதிர் மேஜைதான். நடுவுல ஒரு பீரோவ இழுத்துப் போட்டுக்கிட்டேன்.

எங்க வீட்டுக்காரங்க போனப்ப வந்தா. பதினாறாம் நாள் விசேஷம் முடிஞ்சு, நெத்தி எல்லாம் அழிச்சு, வெள்ளையா நான் மூலையில ஒக்காந்திருக்கேன். ஊரே வந்து பாத்துட்டுப் போகுது. இவ வந்து பக்கத்துல தரையில ஒக்காந்தா. என் கையப் பிடிச்சு அவ மடியில வச்சுக்கிட்டா. ஒரு வார்த்த பேசல. எவ்வளவு நேரம் இருந்தாளோ. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? என் நெத்தியப் பாக்க வந்திருக்கா, சார் கேட்ட மறுபாதி இப்பம் கெடச்சிட்டுன்னு மனசுக்குள்ள நெனச்சுக்கிடுதான்னு தோணுச்சு. கைய உருவிக்கிட்டேன். அவ எந்திரிச்சுப் போயிட்டா.

இவ்வளவும் எதுக்குச் சொல்லுதேன்னா, ரிட்டயர் ஆன பொறவு நீ போற சென்டர்லதான் அவ இருக்கா, அவகிட்ட போறதுக்கு முன்னால ஒரு தடவ யோசி. வாளியும் செருப்பும் காட்டி ஒரு பிள்ளையோட புத்திய எப்படிம்மா அளக்க முடியும்? நல்ல பிள்ளைக்கு நல்ல சோதனை வேணும். ஜங்ஷன் பக்கத்துலதான் எம் மக வீடு. அங்க வா. ஒரு காப்பியக் குடிச்சுட்டு, அமைதியா ஒக்காந்து நானே பாத்து, எழுதியும் தாரேன். என் கையெழுத்துக்கு இன்னும் மதிப்பு உண்டு. எங்க வீட்டுக்காரங்க நோவுல படுத்த பொறவு நான் எந்தப் பிள்ளையையும் ஒக்கார வச்சுக் கேட்டதில்ல, வாஸ்தவம். அதுக்காக மறந்தா போகும்? அந்தக் கார்டு இப்பவும் என் பையிலதான் இருக்கு. உள் ஜிப்புல. சில பேரு சாமி படம் வச்சிருப்பாங்கல்லா, அந்த மாதிரி.

அட, முழிச்சுட்டா. வா தாயி, வா. தண்ணி வேணுமா? இந்தா, ஒரு வாய் குடி. பஸ்ஸுல நல்லா ஒறங்கினியா? நான் யாரு? ஆச்சி. ஆச்சி ஒரு படம் காட்டட்டா?

நீ சும்மா இரும்மா. எதுவும் சொல்லிக் குடுத்திராத. கண்ணாலயும் ஜாடை காட்டக் கூடாது. இப்பம் பாரு, எவ்வளவு சீக்கிரம் சொல்லுதான்னு. நெத்தியில பொட்டு வச்ச பிள்ள, பக்கத்துல பொட்டு வச்ச அம்ம. இவளுக்குத் தெரியாம எவளுக்குத் தெரியும்? இவ மந்தம்னு சொன்ன டீச்சர்தான் மந்தம், நீ வேணும்னா பாத்துக்கோ.

இந்தா இசைமதி. இதுல ஒரு அம்மா இருக்காங்களா? இந்த அம்மாகிட்ட ஒண்ணு மட்டும் இல்ல. என்ன இல்லேன்னு ஆச்சிக்குச் சொல்லு பாப்போம்.

அவசரம் இல்ல. பைய பாரு.

என்னத்த என் மூஞ்சியப் பாக்க, படத்தப் பாரு.

என்ன சொன்ன? ஒண்ணும் இல்லாம இல்லையா?

நல்லாப் பாரு தாயி. கண்ணு இருக்கு, மூக்கு இருக்கு, சரி. தோடு இருக்கு, சரி. வேற? வேற என்ன இருக்கணும்? எல்லாம் இருக்கா?

ஆச்சி மாதிரியே இருக்காளா.

சரி. சரி தாயி. குடு கார்ட.

தூக்கக் கலக்கம்மா, வேற ஒண்ணுமில்ல. நீ எதுக்கு மொகம் வாடுத? உம் மகளுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. பூஜ்யமா? யாரு போட்டா பூஜ்யம்? நான் போடல. இப்பம் எதுக்கு என் நெத்தியையே பாத்துட்டு இருக்க? சன்னலக் கொஞ்சம் சாத்து, காத்து கண்ணுல அடிச்சுத் தண்ணியா வருது.

பேட்டை வந்துட்டு. அடுத்தாப்புல டவுன், பொறவு ஜங்ஷன்.

இல்லம்மா, எம் மக வீட்டுக்கு வேண்டாம். அங்க பேரப் பிள்ளைங்க சத்தம் போடும், டெஸ்ட்டுக்குச் சரிப்படாது. நீ சென்டருக்கே போ. நான் டவுன் பஸ் ஏத்தி விடுதேன். பியூலா மேடத்தத்தான் பாக்கணும்னு கேளு, வேற சின்னப் பிள்ளைங்க யாராவது எடுக்கேன்னு வந்தா ஒத்துக்கிடாத. அவ பொறுமையாக் கேப்பா. வாளியும் செருப்பும்தான், உம் மக பொரிஞ்சு தள்ளிருவா.

என்னப் பாத்தேன்னு சொல்ல வேண்டாம். இந்தக் கார்டு பத்தி மூச்சு விடக் கூடாது, பாத்துக்கோ. தெரிஞ்சா சிரிப்பா. இல்ல, அவ எங்க சிரிக்கப் போறா. நேர பஸ் ஏறி எம் மக வீட்டுக்கு வந்து, மறுபடி என் கையப் பிடிச்சுக்கிட்டு பேசாம ஒக்காந்திருவா. அத என்னால தாங்க முடியாது.

எந்திரி, ஜங்ஷன் வந்துட்டு. பைய நான் எடுக்கேன், நீ பிள்ளையப் பிடி. மடியில கெடந்து ஒறங்கினதுல இவ பொட்டு அழிஞ்சிருக்கு பாரு, வச்சு விட்டுக் கூட்டிட்டுப் போ. சாந்து இல்லையா? சரி, இருக்கட்டும் விடு. பியூலா டெஸ்ட்டுக்கு அது வேண்டாம்.